அலுமாரிக்குள் இருந்த கிளினிக் காட்

எங்கள் ராத்தாவின் மகனுக்கு இப்போது ஆறு வயது. அவன் தரம் ஒன்றுக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வகுப்பு டீச்சர் ராத்தாவைக் கூப்பிட்டு, "மகனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க" என்று சொன்னார். ராத்தா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தார். உம்மும்மா மட்டும் அசையவில்லை. "ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும். ஒங்கட மாமாவும் அப்படித்தான்" என்று சொல்லி வெற்றிலையை மடித்தார்.

பரிசோதித்துப் பார்த்ததில் ஒரு காது பெரும்பாலும் கேட்கவில்லை. மற்றக் காதும் குறைவு. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "கிளினிக் காட் எங்கே?" என்பதுதான். அது எங்கள் வீட்டு அலுமாரியில், உம்மாவின் சேலைகளுக்கு அடியில், காணி உறுதியோடு பத்திரமாக இருந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் போகும்போது அதைத் திறந்து பார்த்தேன். ஒன்றரை வயது வரைக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மூன்று வயதில் போட்ட ஊசிக்கும் திகதி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிள்ளை சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விளங்குகிறதா என்றெல்லாம் கேட்கும் ஒரு பக்கமும் அதில் உண்டு. அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்த காட் சிங்களத்தில் இருந்தது. ராத்தாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கேள்விகளை நான் வாசித்துச் சொன்னபோது, "இதெல்லாம் இதில கேட்டிருக்கா?" என்றுதான் அவர் கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இது யாருடைய பிழை?

மிட்வைஃப் மிஸ்ஸின் பிழையா? ராத்தாவுக்குக் குழந்தை கிடைத்தது எங்கள் வீட்டில். நாற்பது முடிந்து அவர் மாமி வீட்டுக்குப் போனார். அது வேறு மிட்வைஃப்பின் பிரிவு. பிறகு மச்சான் கட்டாருக்குப் போனதும் ராத்தா மகனோடு திரும்ப எங்களிடம் வந்துவிட்டார். இங்கே இருப்பவர் பிள்ளை அங்கே இருக்கிறது என்று நினைத்தார். அங்கே இருப்பவர் இங்கே இருக்கிறது என்று நினைத்திருப்பார். நேர்சரி டீச்சரின் பிழையா? அவர் உயர்தரம் எழுதிவிட்டு வந்த ஒரு பிள்ளை. முப்பது சிறுவர்களை ஒரே அறையில் வைத்திருந்தார். சொல்வது கேளாத பிள்ளையைக் குழப்படி என்று நினைத்துப் பின்னால் இருத்தினார். காது குறைந்த பிள்ளை பின்னால் போனால் இன்னும் கேட்காது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிளினிக் காட்டை அவர் கண்டதே இல்லை. ராத்தாவின் பிழையா? ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது, இனிக் காட்டுக்கு என்ன வேலை என்று அவர் நினைத்தார். நம் ஊரில் எத்தனை உம்மாமார் அப்படி நினைக்கிறார்கள்!

ஆக, எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஒருவருக்கு மற்றவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. இடையில் இருந்த பிள்ளைக்கு இரண்டு, மூன்று வருடம் வீணாகப் போனது.

இந்த ஒரு விடயத்தைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குச் சேவைகள் இல்லாமல் இல்லை. அவை ஒன்றோடொன்று சேர்க்கப்படவில்லை.

முதலில் இருப்பதைச் சொல்வோம். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று ஊர் ஊராக இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அதன் கீழ் வேலை செய்யும் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தரைத்தான் நாம் மிட்வைஃப் மிஸ் என்கிறோம். தாய் கர்ப்பமானதும் பெயரைப் பதிகிறார். பிள்ளை பிறந்ததும் வீட்டுக்கு வருகிறார். 1946இல் இலங்கையில் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 10இலும் குறைவு. பணக்கார நாடுகள் பார்த்து வியக்கும் சாதனை இது. நம் உம்மும்மாமார் மண்ணுக்குள் வைத்த பிள்ளைகளின் கணக்கைக் கேட்டால் இதன் பெறுமதி விளங்கும்.

மறுபக்கம் பாடசாலையும் இருக்கிறது. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். தரம் ஒன்றுக்குப் போனால் பாடப்புத்தகம் இலவசம், சீருடை இலவசம். டீச்சருக்கு அரசாங்கச் சம்பளம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றரை வயது வரை ஊசிக்காகத் தாய் கிளினிக்குக்கு வந்துகொண்டே இருக்கிறாள். அதன் பிறகு மூன்று வயதில் ஓர் ஊசி, ஐந்து வயதில் ஓர் ஊசி. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையை நிறுக்க வேண்டும் என்பது முறை. ஆனால் வெறுமனே நிறுப்பதற்காக வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? அதே காலத்தில்தான் பிள்ளை பேசுகிறது, ஓடுகிறது, கேள்வி கேட்கிறது, நேர்சரிக்கும் போகிறது.

அந்த நேர்சரி யாருடையது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் பொறுப்பு. பிள்ளைகளுக்கான கொள்கைகளைப் பார்ப்பது சிறுவர் செயலகம். அது மகளிர், சிறுவர் விவகாரங்களுக்கான அமைச்சோடு சேர்ந்தது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஊசியும் நிறையும் சுகாதார அமைச்சு. தரம் ஒன்று கல்வி அமைச்சு. நாட்டில் முன்பள்ளிகள் 19,000க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை. பிள்ளை ஒன்றுதான். அதற்குக் கதவுகள் ஐந்து. ஒரு கதவால் போனவரை அடுத்த கதவில் இருப்பவருக்குத் தெரியாது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். பழமொழியின்படி ஐந்துக்குள் வளைக்க வேண்டும். நம் சட்டமோ ஐந்திலிருந்துதான் தொடங்குகிறது.

'பிள்ளை வளர்ப்பது தாயின் கடமை. அதற்கு அரசாங்கம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் உம்மா எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தாலும் காது கேட்கும் அளவை வீட்டில் அளக்க முடியாது. மேலும், அரசாங்கம் இதில் தலையிடாமலும் இல்லை. 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்காக வெளிநாடு போவதற்குத் தடை வந்தது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அது சரியா பிழையா என்று வாதாடுவது என் நோக்கமல்ல. நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்து வயதுக்குள் பிள்ளைக்குப் பராமரிப்பு அத்தனை முக்கியம் என்று தெரிந்துதானே தடை போட்டார்கள்? போக வேண்டாம் என்று மறித்த தாய்க்கு, பிள்ளையை நம்பிக்கையாக விட்டுவிட்டு இங்கேயே ஒரு வேலைக்குப் போக ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார்களா?

அப்படி ஓர் இடத்துக்கு நாம் வெகுதூரம் தேடிப் போகத் தேவையில்லை. கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவைப் பாதையில் ஏறினால் இரண்டு பக்கமும் தேயிலை. தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பிள்ளை மடுவம் இருக்கிறது. தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1992இல் தொடங்கிய நிதியம் ஒன்று, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில், தோட்டக் கம்பனிகளோடு சேர்ந்து அவற்றைக் கவனிக்கிறது. வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து அக்கா ஒருவர், "பிள்ளைய மடுவத்துல விட்டா சாப்பாடும் குடுப்பாங்க, தூங்கவும் வைப்பாங்க, மிட்வைஃப் வந்தா அங்கேயே பார்த்துருவாங்க" என்று சொன்னார். டவுனில் இருக்கும் எங்கள் ராத்தாவுக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் இதைச் சொல்லும்போது இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 வீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப் பகுதிகளில் அது ஏறத்தாழ 32 வீதம். அதாவது ஒரு கூரையும் ஓர் ஆயாவும் இருந்தால் மட்டும் போதாது. தாயின் சம்பளம், வீட்டில் உள்ள சாப்பாடு, லயத்துக்கு வரும் தண்ணீர் எல்லாம் அந்தக் கூரையோடு சேர வேண்டும். சேவைகளை இணைக்க வேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

நம் அயல் நாட்டில் இதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். 1975 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்தியாவில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானது. அதன் நிலையத்துக்கு அங்கன்வாடி என்று பெயர். மேலதிக உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, வைத்தியசாலைக்கு அனுப்புதல், முன்பள்ளிக் கல்வி, தாய்மாருக்குப் போஷாக்கு பற்றிச் சொல்லிக் கொடுத்தல் ஆகிய ஆறும் அந்த ஒரே இடத்தைச் சுற்றி அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பாடசாலைப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர் பிறந்தது நமக்கு அடுத்த ஊரான நாவலப்பிட்டியில் என்பதை நம்மில் பலர் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம். அங்கன்வாடிகளிலும் குறைகள் உண்டு, அங்கே வேலை செய்யும் பெண்கள் சம்பளத்துக்காக வீதியில் இறங்கிப் போராடுவதைச் செய்தியில் பார்க்கிறோம். ஆனாலும் பிள்ளையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி என்ற நாடு 2007இல் இன்னொரு வழியைத் தொடங்கியது. 'சிலி உன்னோடு வளர்கிறது' என்பது அதன் பெயர். தாய் முதன்முதலாகக் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே வயிற்றிலிருக்கும் பிள்ளை அந்தத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. வைத்தியசாலை, முன்பள்ளி, சமூக உதவி எல்லாவற்றையும் அந்தந்த ஊர் நகர சபை ஒரே வலையாக இணைக்க வேண்டும். 2009இல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள்.

நமக்கும் கடதாசியில் குறை இல்லை. முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பு மற்றும் அபிவிருத்தி பற்றிய தேசியக் கொள்கை 2004இலேயே வந்துவிட்டது. தேசிய மட்டத்திலிருந்து கிராம மட்டம் வரை இணைப்புக் குழுக்கள் வேண்டும் என்று அதில் இருக்கிறது. குழு நல்லதுதான். ஆனால் குழு எங்கள் ராத்தாவின் மகனை ஒரு நாளும் சந்திக்கவில்லை. அவனோடு எப்போதும் இருந்தது அந்தக் காட் மட்டும்தான். ஆகவே அந்தக் காட்டிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. கம்பளையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நேர்சரியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் கிளினிக் காட்டையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். டீச்சர் அதைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று தாயிடம் சொல்ல வேண்டும். தமிழ் வாசிக்கும் தாய்க்குக் காட் தமிழில் கிடைக்க வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

இரண்டு, தவணைக்கு ஒரு நாள் நேர்சரியே கிளினிக்காக வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் தாய்மார் கிளினிக்குக்கு வருவது குறைவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் ஓரிடத்தில் வரிசையாக இருக்கிறார்கள். மிட்வைஃப் மிஸ் தராசோடு அங்கே வந்தால் ஒரு காலையில் முப்பது பிள்ளைகளைப் பார்த்துவிடலாம். நிறை, உயரம், கண், காது, பல். பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ உத்தியோகத்தரும் அதே நாளில் வந்தால் இன்னும் நல்லது.

மூன்று, வீடு மாறும் பிள்ளையைத் தொலைக்கக் கூடாது. நம் சமூகத்தில் பெண்பிள்ளைகள் பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வருவதும், கணவர் வெளிநாடு போனால் திரும்பி வருவதும் வழமை. ஜமாஅத்துக்குள் புதிதாக வந்த குடும்பம் எது என்று பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குத் தெரியும். சந்தாவுக்குப் பெயர் பதிகிறார்கள்தானே? வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிறதா என்று அப்போதே ஒரு கேள்வி கேட்டு, மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஓர் அழைப்பு எடுத்தால் போதும். பணம் ஒன்றும் செலவாகாது.

நான்கு, நேர்சரி டீச்சருக்குப் பயிற்சியும் மரியாதையான சம்பளமும் வேண்டும். முதல் மூன்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு, இப்போது கொடுக்கும் சொற்ப சம்பளத்தையே கொடுப்பது அநியாயம். நேர்சரி நல்லதா என்று பார்க்க நாம் என்ன கேட்கிறோம்? இங்கிலிஷ் படிப்பிக்கிறார்களா, கொன்சட் வைக்கிறார்களா, கறுப்புக் கவுனும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு விழா செய்கிறார்களா என்றுதான். டீச்சர் என்ன படித்திருக்கிறார், அவருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கவுனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை டீச்சரின் பயிற்சிக்குக் கொடுக்கலாமே.

காசு எங்கே என்று கேட்பார்கள். 2022இல் திரிபோஷா பைக்கற்றுக்கே தட்டுப்பாடு வந்த நாடு இது. உண்மைதான். அதனால்தான் புதிய கட்டடமோ புதிய அமைச்சோ நான் கேட்கவில்லை. மிட்வைஃப் மிஸ் ஏற்கெனவே இருக்கிறார். உத்தியோகத்தர் ஏற்கெனவே இருக்கிறார். காட் ஏற்கெனவே அச்சடிக்கப்படுகிறது. செலவு உள்ள காரியம் நான்காவது மட்டும்தான். அதைச் செய்யாமல் விடுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. காது கேட்கும் கருவிக்கும், கிழமைக்கு ஒரு தடவை பேச்சுப் பயிற்சிக்குக் கண்டிக்குப் போய்வரும் பஸ் காசுக்கும், ராத்தா விட்டுவிட்ட தையல் வேலைக்கும் எங்கள் வீட்டில் கணக்கு இருக்கிறது.

அன்பின் சகோதரிகளே, இதை நான் அமைச்சருக்கு எழுதாமல் நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு எழுதியதற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை நம்மில் பலர் என்ன செய்யப் போகிறோம்? ஊர் நேர்சரியில் படிப்பிக்கப் போவோம். போன வருடம் போன ராத்தாமாரை நாம் அறிவோம். சிலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பின்னால் இருத்தப்பட்ட அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்கப் போகிறவர் நீங்களாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். அப்படிப் போகிறவர்கள் முதல் நாளிலேயே ஒவ்வோர் உம்மாவிடமும் கிளினிக் காட்டைக் கேளுங்கள். சொல்வது கேளாத பிள்ளையைக் குழப்படி என்று முடிவு கட்டுவதற்கு முன், அதன் பின்னால் நின்று மெதுவாக ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் தாயிடம் சொல்லுங்கள், மிட்வைஃப் மிஸ்ஸிடமும் சொல்லுங்கள். அவ்வளவுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வர வேண்டியதில்லை.

ராத்தாவின் மகன் இப்போது கருவி மாட்டிக்கொண்டு முன் வரிசையில் இருக்கிறான். பேச்சு இன்னும் தெளிவில்லை. 'ச'வும் 'ர'வும் சிக்குகின்றன. போன வாரம் மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது ஓடி வந்து, "சாச்சி, பாங்கு கேக்குது" என்றான். நான் அவனுக்குச் சாச்சி அல்ல, சின்னம்மா என்று உம்மும்மா திருத்தினார். எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. அவனுக்குப் பிறகு பிறந்திருக்கும் பிள்ளைகளாவது மூன்று வயதிலேயே அதைக் கேட்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.